யார் வைத்த மருந்து

வாலாஜாபாத்
9-2-1973

சம்பந்தியம்மாள் தாயாரம்மாள் அவர்களுக்குப் பலராமன் எழுதுவது.

நலம் கேட்டு எழுதுகிற நிலையில் நீங்களும் இல்லை, நானும் இல்லை. நேரில் வந்தே கேட்டிருப்பேன். 'என் வாசப்படிய மிதிச்சா வெளக்கமாறுதான் பேசும்' என்று சொல்லி அனுப்பினீர்களாமே, பஸ் கண்டக்டர் சுப்பிரமணி சொன்னார். அதனால் இந்தக் காகிதம்.

செவ்வாய்க்கிழமை காலையில் மாப்பிள்ளை எல்லப்பனை டாக்சியில் போட்டு மெட்ராஸ் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போனீர்கள். அன்று சாயங்காலம் என் பெண் சரோஜா கட்டின புடவையோடு ஒரகடம் கூட்டுரோட்டில் பஸ் ஏறி என் கடை வாசலில் வந்து நின்றாள். 'உன் கை இனிமே அவன் மேல படக் கூடாது' என்று சொல்லித் துரத்தினீர்களாம். ஏன் என்று கேட்டதற்கு, 'நீ வச்சது உனக்குத் தெரியும்' என்றீர்களாம். அவளுக்குத் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை.

புதன்கிழமை நான் ஆஸ்பத்திரிக்குப் போனேன். உங்கள் தம்பி தாண்டவராயன் வார்டு வாசலில் கையை நீட்டி மறித்தார். "இன்னாத்துக்கு வந்தே? இருக்கானா பூட்டானான்னு பாக்க வந்தியா?" என்று பத்துப் பேர் முன்னால் கேட்டார். ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு வந்தேன். கண் இரண்டும் மஞ்சள். உதடு நாவற்பழம் தின்ற வாய் மாதிரி இருந்தது. தீபாவளிக்கு என் வீட்டில் உட்கார்ந்து சீட்டாடிய பிள்ளை அது என்று சொன்னால் நம்ப முடியாது.

நேற்று சப்-இன்ஸ்பெக்டர் கடைக்கு வந்தார். மயில்துத்தம் வைத்திருக்கிற மூட்டையைக் காட்டச் சொன்னார். மாப்பிள்ளை வயிற்றில் போனது மயில்துத்தம், கொடுத்தது மனைவி என்று ஆஸ்பத்திரிச் சீட்டில் எழுதியிருக்கிறதாம். அப்படிச் சொன்னது நீங்களாம். சரோஜா ஊரை விட்டு எங்கும் போகக் கூடாது, அந்தப் பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிட்டால் இது கொலைக் கேஸ் என்று சொல்லிவிட்டுப் போனார். சரோஜா கதவுக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

பதினெட்டு வருஷமாக உரமும் பூச்சிமருந்தும் விற்கிறேன். வயலில் பாசி பிடித்தால் மயில்துத்தத்தை, அந்த நீலக் கல்லை, சாக்கில் கட்டி மடைவாயில் தொங்கவிடாத குடியானவன் இந்தப் பக்கம் கிடையாது. உங்களுக்கும் தை பிறப்பதற்கு முன் ஒரு பொட்டலம் நான்தான் கொடுத்தனுப்பினேன். அந்தச் சரக்கு எனக்குத் தெரியும். நாக்கில் பட்டாலே துருப்பிடித்த ஆணியை நக்கினது போலக் குமட்டும். கஞ்சியிலோ குழம்பிலோ ஒளித்துக் கொடுக்கக் கூடியது இல்லை அது. ஒரு வாய் வைத்தவன் மறுவாய் வைக்க மாட்டான். தெரிந்து, மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்தால்தான் உள்ளே போகும்.

மாப்பிள்ளை தானாகக் குடித்தாரா, குடி என்று யாராவது சொன்னார்களா? இதற்குப் பதில் வேண்டும்.

பலராமன்


சேரப்பணஞ்சேரி
12-2-73

சம்பந்திக்குத் தாயாரம்மாள் எழுதியது.

கடுதாசி வந்தது. நான் எட்டாவது வரை படித்தவள். எனக்கு யாரும் படித்துக் காட்ட வேண்டியதில்லை. நீங்கள் எழுதினதில் இருக்கிற எழுத்தும் தெரிகிறது, அதற்குப் பின்னால் இருக்கிற கணக்கும் தெரிகிறது. என் பிள்ளை தானாகக் குடித்தான் என்று ஆக்கிவிட்டால் உங்கள் பெண் தப்பித்துக்கொள்வாள். அதுதானே?

இருபத்தாறு வயதில் தாலி அறுத்தவள் நான். ஏழு வயதுப் பிள்ளையை வைத்துக்கொண்டு ஏர் பிடித்தேன். இருபது வருஷம் அவன் என்னை எதிர்த்து ஒரு வார்த்தை பேசினதில்லை. உங்கள் பெண் இந்த வீட்டில் கால் வைத்து இரண்டு வருஷம் ஆகவில்லை. போன தீபாவளிக்கு உங்கள் வீட்டுக்குப் போய் வந்த பிறகு அவன் அவனாக இல்லை. நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிடலாம், அம்பத்தூரில் கம்பெனி வேலைக்குச் சொல்லி வைத்திருக்கிறது, ஷிஃப்ட் முறையில் வேலை, ஓவர்டைம் பார்த்தால் கூடக் காசு என்கிறான். 'இன்னாடா இது, யாரு சொல்லிக் குடுத்தா?' என்று கேட்டேன். 'அவ சொன்னா சரியாத்தாம்மா இருக்கும்' என்றான். என் முகத்தைப் பார்த்துச் சொன்னான்.

ஒரு பிள்ளை மூன்று மாதத்தில் அப்படி மாறுவானா? உள்ளே ஏதோ போயிருந்தால்தான் மாறுவான். உங்கள் வீட்டில் அவனுக்கு மட்டும் தனித் தட்டில் அதிரசம் வைத்தார்களாம், அவனே சொன்னான்.

டாக்டர் 'மருந்து குடிச்சாரா' என்று கேட்டார். 'பொண்டாட்டி வச்சிட்டாய்யா' என்று சொன்னேன். சொன்னது சொன்னதுதான். வெள்ளிக்கிழமை அவன் வயிற்றிலிருந்து பச்சையும் நீலமுமாக வந்ததை என் இரண்டு கண்ணாலும் பார்த்தேன். மனுஷன் வயிற்றில் அந்த நிறத்தில் என்ன இருக்கும்? யாராவது வைத்தால்தானே இருக்கும்?

நீங்கள் கொடுத்த பொட்டலத்தையும் பார்த்தேன். தவிட்டுப் பானைக்குப் பின்னால் இருக்கிறது. பாதிதான் இருக்கிறது.

அவனுக்கு ஆறு நாளாக நீர் இறங்கவில்லை. முகம் வீங்கிப் போய்விட்டது. தம்பி பக்கத்திலேயே இருக்கிறான். எனக்கு மாடு இருக்கிறது, ஒன்று விட்டு ஒரு நாள் போய் வருகிறேன். உங்கள் பெண் அந்தப் பக்கம் வர வேண்டாம்.

தாயாரம்மாள்


வாலாஜாபாத்
14-2-1973

சம்பந்தியம்மாளுக்கு.

பாதிப் பொட்டலம் உங்கள் வயலுக்குப் போயிற்று. மடையில் கட்டியவர் மாப்பிள்ளை, கூட நின்று சாக்கைப் பிடித்தது நீங்கள். உங்களுக்கே மறந்துபோனால் நான் என்ன செய்வது?

உங்கள் கடுதாசியை நாலு தரம் படித்தேன். சரக்கை முகர்ந்து பார்த்தே வாங்கிப் பழகியவன் நான். இதில் ஒரு வாடை அடிக்கிறது.

சரோஜாவைக் கேட்டால், புருஷனுக்கு உடம்புக்கு வந்தது ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், அவள் போட்ட கஞ்சியைக் குடித்த பிறகு என்கிறாள். ஊரில் எல்லாரும் அப்படித்தான் சொல்கிறார்கள். நீங்கள் வெள்ளிக்கிழமையே நீல வாந்தியைப் பார்த்தேன் என்று எழுதியிருக்கிறீர்கள். எங்கே பார்த்தீர்கள்? வீட்டில் இருந்த சரோஜா ஏன் பார்க்கவில்லை?

இன்னொன்றும் சொல்கிறாள். வெள்ளி, தை அமாவாசை, ஞாயிறு, மூன்று நாளும் விடிகாலையில் பிள்ளையைப் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவிடாமல் கோயிலுக்கு அழைத்துப் போனீர்களாம். திரும்பி வந்தவர் சோர்ந்து படுத்தாராம். சட்டையில் நீலமாகக் கறை. சொட்டு நீலம் கொட்டிவிட்டது என்று நினைத்து அவளே அலசிப் போட்டிருக்கிறாள். எந்தக் கோயிலில் சம்பந்தியம்மா நீலத்தைப் பிரசாதமாகக் கொடுக்கிறார்கள்?

நேற்று மறுபடியும் மெட்ராஸ் போனேன். உங்கள் தம்பி டீ குடிக்கப் போன நேரம் பார்த்து டாக்டரைப் பிடித்தேன். இளம் பிள்ளை, பட்டணத்திலேயே பிறந்து வளர்ந்தவர். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். மயில்துத்தம் என்பது செம்பு. உள்ளே போனதும் குடலை அரிக்கும். அதில் பாதி வாந்தியாக வந்துவிடும். வராமல் தங்கியது ரத்தத்தில் ஏறி, ரத்தத்தையே உடைத்துப் போடும். கண் மஞ்சளானதும், உதடு கறுத்ததும் அதனால்தான். ஊசியில் எடுத்தபோது ரத்தம் காப்பி டிகாஷன் நிறத்தில் வந்ததாம். உடைந்த ரத்தம் போய் அடைத்துச் சிறுநீரகம் நின்றுவிட்டது. இப்போது வயிற்றில் குழாய் போட்டு, நீரை உள்ளே விட்டு விட்டு எடுத்துக் கழுவுகிறார்கள். புது ரத்தம் ஏற்றுகிறார்கள். செம்பை இழுத்து வெளியே தள்ளுகிற ஊசி ஒன்று இருக்கிறதாம், கடலை எண்ணெயில் கலந்து இடுப்பில் போடுவது. ஒவ்வொரு தடவையும் பிள்ளை அலறுகிறதாம்.

பிறகு டாக்டர் சொன்னார்: "ரத்தத்துல செம்பு கொறையணும் சார். கொறையல. ஒரு தடவை உள்ள போன வெஷம் இப்படி இருக்காது. எத்தன நாள், எவ்வளவு போச்சு, கூட வேற இன்னா கலந்திருந்தது, எனக்கு யாருமே சொல்லமாட்டேன்றாங்க. பாதரசமோ பாஷாணமோ கூட இருந்தா நான் வேற மாதிரி வைத்தியம் பண்ணணும்."

'மனைவி விஷம் கொடுத்தாள்' என்று ஏன் எழுதினீர்கள் என்று கேட்டேன். "மருந்து குடிச்சாரான்னு கேட்டேன். பொண்டாட்டி வச்சிட்டான்னாங்க. ரெண்டும் ஒண்ணுதானே?" என்றார்.

அந்தப் பிள்ளைக்குத் தெரியாது. நமக்குத் தெரியும். பூச்சிமருந்தைக் 'குடிப்பார்கள்'. சோற்றில் 'வைப்பது' வேறே மருந்து. புருஷனை முந்தானையில் முடிந்துகொள்ள வைக்கிறார்கள் என்று பெண்கள் குசுகுசுவென்று பேசுகிறார்களே, அந்த இடுமருந்து. நீங்கள் சொன்னது அதை. அவர் எழுதிக்கொண்டது விஷத்தை. அந்த ஒரு சொல்லின் மேல் என் பெண் கழுத்துக்குக் கயிறு தொங்குகிறது.

சரி, வைத்தாள் என்றே இருக்கட்டும். வைத்த மருந்தை எடுக்கப் போனீர்களா? எங்கே போனீர்கள்?

பலராமன்


சேரப்பணஞ்சேரி
17-2-73

சம்பந்திக்கு.

நீங்கள் கடை வைத்திருக்கலாம். கோர்ட்டு வைத்திருக்கவில்லை. என்னைக் குறுக்கு விசாரணை செய்ய வேண்டாம்.

சில காரியங்கள் வாயால் சொல்லக் கூடாதவை. சொன்னால் இறங்கினது திரும்ப ஏறிக்கொள்ளும். ஒரு மண்டலம் போகட்டும். அதற்குப் பிறகு யார் கேட்டாலும் நடுத்தெருவில் நின்று சொல்கிறேன். அதுவரைக்கும் என் நாக்கை அறுத்தாலும் வராது. அவனும் என் தலையில் அடித்துச் சத்தியம் செய்திருக்கிறான்.

நேற்று போய்ப் பார்த்தேன். வயிற்றில் குழாய் இருக்கிறது. 'அம்மா' என்றான். பிறகு யாரோ மாதிரி என்னைப் பார்த்தான். நான் வெளியே வந்து மாடிப்படியில் உட்கார்ந்திருந்தேன். இதை உங்களுக்கு எதற்கு எழுதுகிறேன் என்று தெரியவில்லை.

ஆஸ்பத்திரியை மட்டும் நம்பி நான் இல்லை. அவனுக்குக் கொடுக்க வேண்டியதைத் தம்பி வேளை தவறாமல் கொடுத்துக்கொண்டிருக்கிறான். உங்கள் டாக்டருக்கு எல்லாம் தெரிந்துவிடாது.

தாயாரம்மாள்


வாலாஜாபாத்
19-2-1973, காலை

சம்பந்தியம்மா, இதைச் சுப்பிரமணி கையில் கொடுத்து, பஸ்ஸை நிறுத்தி உங்கள் கையிலேயே கொடுக்கச் சொல்லியிருக்கிறேன். நின்றபடியே படியுங்கள்.

'மண்டலம்' என்று எழுதினீர்களே, அதில் பிடித்துக்கொண்டேன். மருந்து எடுத்துவிட்டு, வெளியே சொன்னால் திரும்ப ஏறும், ஒரு மண்டலம் வாயைக் கட்டு என்று சொல்கிறவன் இந்தச் சுற்றுவட்டாரத்தில் ஒருவன்தான். ஏரிக்கரை நாகப்பன். நேற்றே சைக்கிளை எடுத்துக்கொண்டு போனேன். வேப்பங்குச்சியோடு வாசலில் நின்றான்.

"இன்னா பலராமா, காத்தாலயே வந்துகினு கீறே?"

"சேரப்பணஞ்சேரிப் பிள்ளைக்கு இன்னா குடுத்தே?"

"யாரு, அந்த அம்மாவும் புள்ளையுமா? வயித்துல மருந்து கீதுன்னாங்க. எடுத்து வுட்டேன்."

"எதை எடுத்தே?"

"நீலமா வந்துச்சேப்பா. அந்தம்மாவே கண்ணால பாத்துச்சே."

"நீலத்தை உள்ளே போட்டவனே நீதானேடா!"

அவன் சிரித்தான். "போட்டாத்தானே வரும்? கெணத்துல வாளி போடாம தண்ணி வருமா?"

மூன்று நாள் எதற்கு என்று கேட்டேன். வைத்த மருந்து வயிற்றில் செடி மாதிரி முளைக்குமாம், முதல் நாள் இலை வந்ததாம், இரண்டாம் நாள் தண்டு, வேர் வருகிற வரைக்கும் விடக் கூடாதாம். முதல் நாள் அரை ஸ்பூன், மறுநாள் ஒன்று, மூன்றாம் நாள் ஒன்றரை. எலுமிச்சம்பழச் சாற்றில் கரைத்து, நிறம் தெரியாமல் இருட்டிலேயே கொடுத்திருக்கிறான். டாக்டர் சொல்லித்தான் எனக்கே தெரியும், முன்காலத்தில் வெள்ளைக்கார டாக்டர்களே வாந்திக்கு இதைக் கொடுத்திருக்கிறார்களாம், குன்றிமணி அளவு. அதுவே ஆளைக் கொன்றிருக்கிறது என்று விட்டுவிட்டார்கள். இவன் கொடுத்தது ஸ்பூனில்.

இப்போது முக்கியமானது. மண்டலம் முடிகிற வரை கொடுக்க உங்களிடம் உருண்டை கொடுத்தேன் என்றான். அதில் என்ன இருக்கிறது என்று சட்டையைப் பிடித்துக் கேட்டேன். அதிலும் துத்தம்தான், வெல்லத்தில் பிடித்தது. பாதரசம் இல்லை, பாஷாணம் இல்லை என்று பிள்ளைகள் மேல் ஆணையாகச் சொன்னான். நம்பாமல் மீதித் தூளை டின்னோடு பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டேன். இன்றே மெட்ராஸ் கொண்டு போகிறேன்.

'வேளை தவறாமல் கொடுத்துக்கொண்டிருக்கிறான்' என்று எழுதினீர்களே தாயாரம்மா! அங்கே டாக்டர் ஊசி போட்டுச் செம்பை இழுக்க இழுக்க, இங்கே உங்கள் தம்பி மடியிலிருந்து எடுத்து வாயில் போடுகிறார். ஏன் குறையவில்லை என்று அவர் தலையைப் பிய்த்துக்கொள்கிறார்.

நீலமாக வந்ததைப் பார்த்தேன், பார்த்தேன் என்கிறீர்கள். போன ஆனியில் என் கடை வாசலில் படுத்திருக்கிற நாய், கிழிந்த சாக்கை நக்கிவிட்டு அன்று பூராவும் நீலமாகக் கக்கியது. அந்த நாய்க்கு எந்தப் பெண்டாட்டி மருந்து வைத்தாள்? மயில்துத்தம் யார் வயிற்றுக்குள் போனாலும் நீலமாகத்தான் வரும். நீங்கள் பார்த்தது அவன் கொடுத்ததையே.

இதையும் எழுதிவிடுகிறேன், பிறகு நீங்களாகக் கண்டுபிடித்து என் மேல் எறிய வேண்டாம். அந்த டின்னில் இருந்தது என் கடைப் பொட்டலம். நாகப்பன் ஏழெட்டு வருஷமாக என்னிடம்தான் வாங்குகிறான். அவனுக்குக் கையகல நிலம் கிடையாது. எந்த வயலுக்கு என்று நான் ஒரு நாளும் கேட்டதில்லை. கேட்டால் பதில் தெரிந்துவிடும் என்றுதான் கேட்கவில்லை. சப்-இன்ஸ்பெக்டரிடமும் இதைச் சொல்லத்தான் போகிறேன்.

பஸ் திரும்பி வருகிற வரைக்கும் யோசிக்காதீர்கள். அதிலேயே ஏறி மெட்ராஸ் போங்கள். டாக்டரிடம் உங்கள் வாயால் சொல்லுங்கள். நான் சொன்னால் பெண்ணைக் காப்பாற்ற அப்பன் கட்டின கதை என்பார்கள்.

பலராமன்


சேரப்பணஞ்சேரி
26-2-73

சம்பந்திக்குத் தாயாரம்மாள்.

அன்றைக்கு உங்கள் கடுதாசியை நின்றபடியே படித்தேன். உங்களை நம்பிப் போனேன் என்று நினைக்க வேண்டாம். பஸ்ஸில் ஏறினபோதும் இதில் ஏதோ சூது இருக்கிறது, என் வாயாலேயே மண்டலத்தை முறிக்கப் பார்க்கிறார் என்றுதான் நினைத்தேன். தாம்பரம் வரைக்கும் அப்படித்தான். அதற்குப் பிறகு அந்த நாய் ஞாபகத்துக்கு வந்தது. போன ஆனியில் உங்கள் கடைக்கு வந்தபோது அது கக்குவதை நானே பார்த்திருக்கிறேன்.

ஆஸ்பத்திரியில் தம்பியிடம் 'உருண்டைய எடுடா' என்றேன். "இன்னாக்கா, இப்பத்தானே ஒண்ணு குடுத்தேன், தண்ணி குடிக்கக்கூட வுடமாட்றாங்க, நாக்குக்கு அடியில வச்சேன்" என்று பெருமையாகச் சொன்னான். மடியைப் பிரித்துக் காட்டினான். நாற்பத்தெட்டு உருண்டையில் முப்பத்து மூன்று இருந்தது.

டாக்டர் திட்டுவார் என்று பார்த்தேன். திட்டவில்லை. உட்காரச் சொன்னார். முதல் நாள் எவ்வளவு, எத்தனை மணிக்கு, எத்தனை தடவை கக்கினான், எல்லாம் கேட்டு எழுதிக்கொண்டார். பிறகு, "அம்மா, மருமக வச்சாங்கன்னு சொன்னீங்களே, அது எது?" என்றார். 'அது வேற மருந்துய்யா' என்றேன். அவருக்குப் புரியவில்லை. பக்கத்தில் இருந்த நர்ஸம்மா, நம்ம ஊர்ப்பக்கம் போல, அவர் காதில் ஏதோ சொன்னாள். அவர் அந்தச் சீட்டை எடுத்துத் தன் கையாலேயே அடித்து வேறே எழுதினார். போலீஸ்காரரும் வந்தார். அவரிடமும் சொல்லிக் கையெழுத்துப் போட்டேன். சரோஜா பெயர் இப்போது அதில் இல்லை. நாகப்பன் பெயர் இருக்கிறது. சாட்சி என்று என் பெயரும் இருக்கிறது. அவன் திருத்தணிப் பக்கம் ஓடிவிட்டானாம்.

முந்தா நாள் நீர் இறங்கியது. அரை டம்ளர், கறுப்பாக. நேற்று ஒரு சொம்பு. நர்ஸம்மா பாட்டிலைத் தூக்கிக் காட்டிச் சிரித்தாள். மூத்திரத்தைப் பார்த்துக் கும்பிட்டவள் உலகத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

கண் தெளிந்ததும் அவனிடம் சொன்னேன், எல்லாம் சொல்லிவிட்டேன் என்று. அவன் அழுதான். "எனக்குள்ள ஒண்ணும் இல்லன்னு உனக்குக் காட்டத்தாம்மா குடிச்சேன். நீலமா வந்ததும் எனக்கே சந்தேகமாப் பூட்ச்சு" என்றான்.

நீங்கள் விற்றீர்கள், நான் ஊற்றினேன். உங்களைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை, ஆனாலும் சொல்கிறேன். நிலம் இல்லாதவனுக்கு நீங்கள் அதைக் கொடுத்திருக்கக் கூடாது.

சரோஜாவை அனுப்புங்கள். அவன் கேட்கிறான்.

தாயாரம்மாள்


வாலாஜாபாத்
18-3-1973

சம்பந்தியம்மாளுக்கு.

மாப்பிள்ளையை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள் என்று சுப்பிரமணி சொன்னார். செம்பை நீரோடு இழுத்துவிடுகிற மாத்திரை ஒன்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். மெட்ராஸில் எந்தக் கடையிலும் இல்லை. பம்பாயிலிருந்து சரக்கு எடுக்கிற ஒரு சேட்டைப் பிடித்து வரவழைத்து ஆஸ்பத்திரியில் கொடுத்திருந்தேன். அது உங்கள் கைக்கு வந்திருக்கும். வெறும் வயிற்றில் போட வேண்டும். பாட்டில் மூடியில் சீல் இருக்கிறதா என்று பார்த்து வாங்கினேன். நீங்களும் பார்த்துக்கொள்ளுங்கள்.

சரோஜாவை அனுப்பச் சொல்லி இது மூன்றாவது ஆள். அனுப்பமாட்டேன் என்று நான் சொல்லவில்லை. அவள்தான் பெட்டியை எடுக்கவில்லை. உங்கள் கடுதாசியை அவளிடம் கொடுத்திருக்கக் கூடாது. கொடுத்துவிட்டேன். மாமியார் நம்பினது அவளுக்குப் பெரிசாகத் தெரியவில்லை. 'மாமியாருன்னா அப்படித்தாம்ப்பா' என்கிறாள். "நீலமா வந்ததும் அவருக்கும் சந்தேகம் வந்துச்சாமே? அப்ப ஞாயித்துக்கிழம என் கஞ்சிய எப்படிக் குடிச்சாரு?" என்று கேட்டாள். அதற்குப் பிறகு ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. நான் விற்ற கதையும் அவளுக்குத் தெரியும்.

நான் ஒளித்துப் பேசுகிறவன் இல்லை. எனக்கும் பயம்தான். நாளைக்கு மாப்பிள்ளைக்கு ஒரு தலைவலி வந்தால் முதலில் யார் கையைப் பார்ப்பீர்கள்? சீட்டில் அடித்து எழுதிவிட்டார்கள். ஊர் வாயில் யார் அடித்து எழுதுவது? படப்பைச் சந்தையில் என்னைக் காட்டி, 'அந்தப் பொண்ணோட அப்பன்' என்று ஒருத்தி இன்னொருத்தியிடம் சொன்னாள். அவள் நாகப்பனைச் சொல்லவில்லை.

அதனால் ஒரு வார்த்தை. சரோஜா வந்தால் அந்த வீட்டில் அவள்தான் சமைப்பாள். முதல் சோறு மாப்பிள்ளைக்கு இல்லை, உங்களுக்கு. நாலு பேர் பார்க்க நீங்கள் அவள் கையால் சாப்பிட வேண்டும். உங்கள் தம்பியும் இருக்கட்டும். இதற்குச் சம்மதம் என்றால் எழுதுங்கள். இல்லையென்றால் மாப்பிள்ளை அம்பத்தூர் வேலைக்குப் போகட்டும், அங்கேயே வீடு பார்த்துக் கொடுக்கிறேன்.

நாகப்பனுக்குக் கொடுத்ததை யோசித்துப் பார்த்தேன். துத்தத்தை இனி நிலம் எங்கே என்று கேட்காமல் கொடுப்பதில்லை. நேற்று ஒருவன், 'இன்னா நாய்டு, போலீசு வேலையும் பாக்குறியா?' என்று கேட்டுவிட்டுப் பக்கத்துக் கடையில் வாங்கிக்கொண்டு போனான்.

பலராமன்


சேரப்பணஞ்சேரி
2-4-73

சம்பந்திக்குத் தாயாரம்மாள் எழுதியது.

சம்மதம் என்று சொல்லி அனுப்பினேன். நீங்கள் சரோஜாவை வண்டியில் கொண்டு வந்து விட்டுவிட்டு, உள்ளே வராமல் திரும்பிப் போனீர்கள். நானும் கூப்பிடவில்லை.

அன்றைக்கு நடந்ததை எழுதச் சொன்னதாகச் சரோஜா சொன்னாள்.

தம்பியைக் கூப்பிட்டேன். பக்கத்து வீட்டுக் கோவிந்தம்மா கூப்பிடாமலே வந்து நின்றாள், அவளோடு இன்னும் நாலைந்து பேர். சரோஜா ஒருவரையும் பார்க்கவில்லை. உலை வைத்தாள், கத்தரிக்காய் நறுக்கினாள், குழம்பு கூட்டினாள். ஒவ்வொரு டப்பாவையும் திறந்து, எல்லாரும் பார்க்கிற மாதிரிக் காட்டிக் காட்டிப் போட்டாள். இது மிளகாய்த்தூள், இது மஞ்சள், இது புளி. ஒரு வார்த்தை கோபம் இல்லை. எனக்கு அதுதான் தாங்கவில்லை. கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன்.

எல்லப்பன் திண்டில் சாய்ந்தபடி உட்கார்ந்திருந்தான். இன்னும் சோகை போகவில்லை. உள்ளே போய் இரண்டு பேரும் பேசினார்கள். அந்தக் கஞ்சியைப் பற்றி அவள் கேட்டாளா, இவன் என்ன சொன்னான் என்று எனக்குத் தெரியாது. வெளியே வந்தபோது இரண்டு பேருக்கும் கண் சிவந்திருந்தது. அம்பத்தூருக்குச் சித்திரையில் போகிறார்கள். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை.

இலை போட்டாள். நான் உட்கார்ந்தேன். கோவிந்தம்மா, "இன்னாக்கா, சாமி கும்புட்டுக்கினு சாப்புடு" என்றாள். நாலு பேர் சிரித்தார்கள். தம்பி சிரிக்கவில்லை. சோறு போட்டுக் குழம்பு ஊற்றினாள். ஊற்றிவிட்டு எதிரே உட்கார்ந்துகொண்டாள்.

முதல் கவளத்தை எடுத்து வாயில் போட்டேன். அவள் பார்த்தாள். நான் பொய் எழுதமாட்டேன் சம்பந்தி, அந்த நேரத்திலும், இவ்வளவு தெரிந்த பிறகும், நாக்கில் செம்பு ருசி தட்டுகிறதா என்றுதான் முதலில் பார்த்தேன். தட்டவில்லை. விழுங்கினேன். நான் விழுங்குகிற வரைக்கும் அவள் என் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் மோர் ஊற்றுகிற வரைக்கும் நான் அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். இலையை வழித்துச் சாப்பிட்டேன். இன்னும் கொஞ்சம் போடு என்று கேட்டு வாங்கினேன்.

குழம்பில் உப்பு தூக்கல். நான் அதைச் சொல்லவில்லை.

தாயாரம்மாள்